எட்டு நாளில் சாகாத புளுகு

‘கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு’ என்பது நம் பெரியோர் வாக்கு. பொய்யை எவ்வளவு திறமையாகச் சொன்னாலும் விரைவில் அது வெளிப்பட்டுவிடும் என்பது இதன் பொருள். நன்னெறி வகுப்பில் இப்பழமொழியை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் தோழியரே, பொய் தானாகவே வெளிப்பட்டுவிடுமா? எட்டு நாள் நாம் கைகட்டிக்கொண்டு காத்திருந்தால் போதுமா? 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த ஒரு சாலை விபத்து இக்கேள்விக்கான விடையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் இப்பள்ளியிலேயே பயில்கிறோம். அன்று அக்காள் ஒன்பதாம் வகுப்பு, தங்கை ஆறாம் வகுப்பு. கண்டதையும் கற்றதையும் இருவரும் சேர்ந்தே இங்கு எழுதுகிறோம்.

குளித்தலையில் உறவினர் வீட்டுத் திருமணத்தை முடித்துக்கொண்டு, அப்பா, அம்மா, நாங்கள் இருவர் ஆக நால்வரும் எங்கள் பழைய காரில் மணப்பாறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியவர் அப்பா. ஐயர்மலையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வந்திருப்போம். நடுவே தடுப்புச் சுவர் இல்லாத இருவழிச் சாலை அது. மாலையில் பால் ஊற்றும் நேரம். எங்களுக்கு முன்னால் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில், இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கம் பால் சொசைட்டிக்குப் பாதை பிரியும் இடம் வந்ததும் வலக்கையை நீட்டிக் காட்டி, வண்டியை நிறுத்தினார். எதிரே ஒரு பேருந்து வந்தது. அது கடக்கட்டும் என்று காத்திருந்தார். அப்பாவும் அவருக்குப் பின்னால் காரை நிறுத்தினார்.

பேருந்து கடந்தது. பெரியவர் மெல்லத் திரும்பத் தொடங்கினார். அச்சமயம் எங்களுக்குப் பின்னாலிருந்து வேகமாக வந்த ஒரு வெள்ளைக் கார், நின்றுகொண்டிருந்த எங்களை முந்த முயன்றது. எங்கள் வண்டியின் வலப்பக்கம் முழுவதையும் உரசிக்கொண்டு போய், பெரியவரை மோதித் தள்ளியது. எல்லாம் இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிந்துவிட்டது. தார்ச் சாலையில் பால் ஓடியது. பெரியவரின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து கிடந்தது.

வெள்ளைக் காரை ஓட்டி வந்தவன் ஒரு பையன். அக்காளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதலாக இருக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தான். “தாத்தா, தெரியாம இடிச்சிட்டேன் தாத்தா!” என்று அழுதுகொண்டே பெரியவரின் தலையைத் தாங்கிப் பிடித்தான். பிற்பாடு நடந்தவற்றை எண்ணிப் பார்க்கும்போது, அன்று அவ்விடத்தில் முதன்முதலாக உண்மை பேசியவன் அந்தப் பையன்தான் என்பதை எங்களால் மறக்க முடியவில்லை.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் பெரியவரைத் தொடப் பலரும் தயங்கினர். “கேஸு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்க” என்று ஒருவர் முணுமுணுத்தார். உண்மையில் இந்த அச்சத்துக்கு இப்போது இடமில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இதற்கென்று 134-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டுமென்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. அங்கன்வாடிப் பணியாளரான எங்கள் அம்மா, முறிந்த காலை யாரும் அசைக்க வேண்டாமென்று தடுத்து, உடனே 108-க்கு அழைத்தார்.

அப்பா அக்காளைக் கூப்பிட்டு, “வண்டிகளை யாரும் நகர்த்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வை” என்றார். அம்மாவின் கைபேசியில் பதினொரு படங்கள் எடுத்தாள். மூன்று வண்டிகளும் நின்ற நிலை, அவற்றின் எண்கள், எங்கள் காரின் நான்கு பக்கங்கள், உடைந்த கண்ணாடி சிதறிய இடம், பால் ஓடிய இடம் ஆகியவை அவற்றில் பதிவாயின. ஒரு படத்தில், திறந்து கிடந்த கதவும், பெரியவர் அருகே குனிந்திருந்த அந்தப் பையனும் சேர்ந்து விழுந்திருந்தார்கள். அவனைப் பிடிப்பதற்காக எடுத்த படமன்று அது; தற்செயலாக விழுந்ததே.

ஆம்புலன்ஸ் வந்து பெரியவரை ஏற்றிச் சென்ற சிறிது நேரத்தில், மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து இறங்கினர். ஒருவர் அந்தப் பையனின் தந்தை. காரின் உரிமையாளரும் அவரே. மற்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். வந்தவுடன் பையன் எங்கோ அனுப்பப்பட்டுவிட்டான். காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வந்தபோது உரிமையாளர் அந்த ஆளை முன்னால் தள்ளி, “இவர்தாங்க எங்க டிரைவர். இவர்தான் ஓட்டிட்டு வந்தார்” என்றார். அந்த ஆளும் தலையை ஆட்டினார். அப்பாவிடம் கைபேசி எண் ஒன்றை எழுதிக் கொடுத்து, “எதுன்னாலும் கூப்பிடுங்க சார், பேசிக்கலாம்” என்று மிகப் பணிவாகச் சொன்னார். அப்பா அங்கேயே அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். அப்படியோர் எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். “அடடே, ஒரு நம்பர் மாறிப்போச்சு” என்று சிரித்துக்கொண்டே வேறு எண் கொடுத்தார். ஆக, அரை மணி நேரத்துக்குள் இரண்டு பொய்கள்!

அக்காள் எடுத்த படத்தை அப்பா ஏட்டிடம் காட்டினார். “பையன் கூட வந்தவங்க” என்று அவர்கள் சாதித்துவிட்டார்கள். படத்தில் பையன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டா இருந்தான்?

ஏன் ஓட்டுநரை மாற்றினார்கள் என்பது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞர் விளக்கினார். பதினெட்டு வயது நிரம்பாதவர் காரோட்டிக் குற்றம் செய்தால், 2019-இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பாதுகாவலரும் வண்டி உரிமையாளருமே குற்றவாளிகள் ஆவர். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவர் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற முடியாது. அது மட்டுமன்று. உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. இவற்றிலிருந்து தப்பவே உரிமம் உள்ள ஓர் ஆளைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மாலை, ஆப்பிளும் ஆரஞ்சும் நிறைந்த ஒரு பையோடு அந்த உரிமையாளர் மணப்பாறையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

“சார், உங்க வண்டிக்கு ஆகுற செலவு மொத்தத்தையும் நான் குடுத்துடறேன். பால்காரர் கை காட்டாம திடீர்னு திரும்பிட்டார்னு மட்டும் ஸ்டேஷன்ல சொல்லிடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல.”

தோழியரே, எங்கள் நிலையை இங்கே சொல்ல வேண்டும். அப்பா ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பழைய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே இருந்தது. சட்டப்படி எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமாக இருக்க வேண்டியது இதுதான். நம் வண்டியால் பிறருக்கு நேரும் நட்டத்துக்கு இது ஈடு தரும். நம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு ஒரு காசும் தராது. டிங்கரிங், பெயின்ட், புதுக் கதவு எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அது எங்களுக்குச் சிறிய தொகையன்று. அக்காளுக்கும் தங்கைக்கும் பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டிய நேரமும் அதுவே.

அவர் கேட்ட பொய்யோ மிகச் சிறியது, ஒரே வாக்கியம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்கே போய் விழும்? பெரியவர் மீதும் தவறு உண்டென்று ஆகிவிட்டால், அவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டில் அத்தவற்றின் பங்கு கழிக்கப்படும். முழுத் தவறும் அவருடையதே என்று ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காமலே போகலாம்.

“நமக்கு நஷ்டமில்ல, சரி. அவர் காலுக்கு?” என்று கேட்டார் அம்மா. வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை அப்பா அந்தப் பழப்பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். “நான் பார்த்தத மட்டும்தான் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டாராம். பணிவெல்லாம் அத்துடன் பறந்தது. மூன்றாவது பொய் பிறந்தது. எங்கள் கார்தான் முதலில் பெரியவரை இடித்தது என்றும், அதைத் தவிர்க்க விலகியபோதுதான் தங்கள் கார் உரசிற்று என்றும் அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் எங்கள் அப்பாவும் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. கடைக்கு வரும் ஒரு சிலரும், “பால்காரரை இடிச்சிட்டீங்களாமே?” என்று கேட்கத் தொடங்கினர். எட்டு நாள் ஆயிற்று. பத்து நாளும் ஆயிற்று. புளுகு சாகவில்லை. நாளுக்கு நாள் கொழுத்தது!

இதற்கிடையில் பட்டறையிலும் ஒரு சோதனை. “இடப்பக்கத்துல இருக்கிற பழைய ஒடுக்கையும் இதோட சேர்த்து எஸ்டிமேட் போட்டுடலாமா சார்? எப்படியும் அவங்க தலையிலதானே விழப்போகுது” என்று பட்டறைக்காரர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் அன்று, எங்கள்மீது பரிதாபப்பட்டே கேட்டார். அப்பா வேண்டாமென்றார். “அவங்க மூணு பொய் சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணு சொன்னா, நாளைக்கு என் உண்மையையும் யாரும் நம்ப மாட்டாங்க” என்றார். பொய்யரோடு வழக்காடும்போது நம்மிடமுள்ள ஒரே ஆயுதம், நாம் பொய் சொல்லாதவர் என்பதுதான். அதில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் கதை முடிந்தது.

இனி, உண்மை எவ்வாறு வெளிவந்தது என்பதைச் சொல்கிறோம்.

முதலாவது, வண்டிகளே பேசின. ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் மூன்று வண்டிகளையும் பார்வையிட்டார். எங்கள் காரின் முன் பம்பரில் ஒரு கீறலும் இல்லை, இடித்திருந்தால் இராமற்போகுமா? வலப்பக்க உரசலோ பின்கதவில் தொடங்கி முன்னோக்கி இழுபட்டிருந்தது. நின்ற வண்டியைப் பின்னாலிருந்து வந்த வண்டி உரசிக்கொண்டு சென்றால்தான் அப்படி விழும். அன்றே எடுத்த படங்களும் அதையே காட்டின.

இரண்டாவதாகப் பேசியவர் ஓர் ஆயா. பெரியவர் திரும்பியபோது சொசைட்டி வாசலில் கையில் தூக்குப் பாத்திரத்தோடு ஒரு மூதாட்டி நின்றதை அம்மா பார்த்திருந்தார். போலீஸ் வந்தபோது அவர் அங்கே இல்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் நால்வரும் தேடிப் போனோம். ஒரே ஒரு பசுமாட்டை வைத்துப் பிழைப்பவர் அவர். அவருடைய மகன் எங்களைக் கண்டதும் முகம் சுளித்தார். கார்க்காரர் அந்தப் பக்கத்தில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். பலரும் அவரிடம் கடன்பட்டவர்கள். “எங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?” என்றார் மகன். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆயா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “அந்த மனுசன் கையக் காட்டிட்டு நின்னத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பஸ்சு போற வரைக்கும் காட்டுன கைய இறக்கல. அந்தப் பய ஓட்டியாந்ததையும் பாத்தேன். பாக்கலேன்னு நான் எப்பிடிச் சொல்றது தம்பி? அவரு வூட்டுல ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு.” மறுநாள் காலை, மாட்டைக் கறந்துவிட்டு, தம் பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேருந்து ஏறிக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்லிவிட்டார்.

ஆயா சொன்னதையும் பையனின் படத்தையும் சேர்த்து வைத்து விசாரித்தபோது, ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொன்ன ஆள் தலை கவிழ்ந்தார். ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னதால் ஒப்புக்கொண்டதாகக் கூறிவிட்டார். எங்கள்மீது சுமத்திய மூன்றாவது பொய்யும் அதனோடு சரிந்தது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அது முழு உண்மையாகாது. பெரியவரின் இழப்பீட்டு மனு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடந்தது. ஆயா இரண்டு முறை சாட்சிக்காக வந்தார். இரண்டு நாள் வேலையை இழந்தார். அப்பா மூன்று முறை கடையை அடைத்துவிட்டுப் போனார். 2024-ஆம் ஆண்டில்தான் தீர்ப்பு வந்தது. பெரியவர் கை காட்டி நின்றார் என்பதை ஏற்று, அவர்மேல் தவறு எதுவும் இல்லை எனத் தீர்ப்பாயம் கூறியது. இன்சூரன்ஸ் கம்பெனி தொகை முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவாயிற்று. ஆனால் அந்தப் பணம் வருமுன் பெரியவர் தம் இரு மாடுகளில் ஒன்றை விற்றுவிட்டார். இன்றும் சற்றுச் சாய்ந்தே நடக்கிறார். எங்கள் காரின் செலவை அப்பா தவணை முறையில் பட்டறைக்குக் கட்டி முடித்தார். அதற்கும் மனுப் போடலாம் என்றார் வழக்கறிஞர். கடையை மூடிவிட்டு இன்னும் அலைய அப்பாவால் முடியவில்லை.

அந்தப் பையனைப் பற்றி நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். “தெரியாம இடிச்சிட்டேன்” என்று அழுத ஒருவனை, அரை மணி நேரத்துக்குள் அவ்விடத்தை விட்டே மறைத்து, அவன் சொன்ன உண்மையையும் மறைத்துவிட்டார்களே! பிள்ளையைக் காப்பதாக எண்ணிச் செய்த காரியம் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? பெற்றோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் சாவியைக் கேட்கும் நம்மில் சிலரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியவை என நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலில் உயிர், பிறகு வழக்கு. 108-க்கு அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்காக ஏற்பட்டது. அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுங்கள். எண்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஓட்டியவர் யார் என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் தொலைபேசி எண்ணை அங்கேயே அழைத்துச் சரிபாருங்கள். வண்டி எண்ணைக் கொண்டு அதற்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதை ‘எம்-பரிவாகன்’ செயலியில் பார்க்கலாம்.

சாலையில் சண்டை வேண்டாம். ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று சொன்னாலும், எவருக்கேனும் காயம்பட்டிருந்தால் காவல் நிலையத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். விபத்தில் தொடர்புடைய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பது 134-ஆம் பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். எழுதிய எதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் மனந்தளர வேண்டாம். வண்டி அடையாளம் தெரியாத விபத்துகளுக்கென அரசுத் திட்டம் ஒன்று உண்டு. உயிரிழப்புக்கு 25,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 12,500 ரூபாயுமாக இருந்த உதவித்தொகை, 2022 ஏப்ரல் முதல் முறையே 2,00,000 ரூபாயாகவும் 50,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்தவர்களின் பெயரைக் கேட்டு வையுங்கள். பார்த்தவர் நீங்களாக இருந்தால் விலகிப் போய்விடாதீர்கள்.

தோழியரே! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளில் தானாகச் செத்துவிடுவதில்லை. பணமும் செல்வாக்கும் அதற்குத் தீனி போடும். நம் அச்சமும் மௌனமும் தண்ணீர் ஊற்றும். ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல ஒரே ஓர் ஆள் எழுந்து நின்றால்தான் அது சாகும். பள்ளிப் படிப்பே இல்லாத அந்த ஆயா, கறவை மாட்டை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வந்து அதைச் செய்தார். இத்தனை படிப்பும் இத்தனை நல்லாசிரியர்களும் வாய்க்கப்பெற்ற நாம், நமக்கு அப்படியொரு நாள் வரும்போது, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் துணிவு உடையவர்களாய் இருப்போமாக!